வீட்டருகே நானூறா, கடல் தாண்டி எண்ணூறா?

தங்கச்சியிடம் பணம் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போதும். அவள் என் சித்தி மகள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். சிலிக்காப் பொடியின் மேல் எம்ஏஓ என்கிற மெத்தில் அலுமினாக்சேனைப் பூசி, அதன் மேல் சிர்கோனோசீன் என்கிற சிர்கோனியச் சேர்மத்தை உட்கார வைத்து, எத்திலீன் வாயுவைப் பாலித்தீனாக்கும் வினையூக்கி அவளுடையது. பாலித்தீன் நன்றாகவே வருகிறது. அந்தப் பரப்பில் சிர்கோனியம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. திட நிலை என்எம்ஆர் (காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சிக்னலைக் கேட்கும் முறை) எடுத்துப் பார் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். எங்கே எடுப்பது, எந்த அணுவைப் பார்ப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் அவளிடமே விட்டுவிட்டார்.

வாட்ஸ்அப்பில் கேட்டாள். "அண்ணா, நம்ம நானூறு போதுமா, இல்ல ஐரோப்பாவுக்குப் போய் எண்ணூறுல எடுக்கணுமா? டிஎன்பின்னு ஒண்ணு இருக்காமே, அது?" நானூறும் எண்ணூறும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் என்எம்ஆர் காந்தங்களின் பெயர்கள்; டிஎன்பி சிக்னலைப் பெருக்கும் ஒரு வழி. நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: "முதல்ல அகச்சிவப்பு நிறமாலை எடுத்தியா?" கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். அதனால்தான் இந்த நீளமான பதில். அவளைப் போலவே ஒரு குப்பிப் பொடியையும் ஒரு தடவைக்கான பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பொடிகளோடு உறவு பழையது. தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். அப்பா டர்பனின் மியர்பேங்க் பகுதியிலிருந்து தினமும் ஒரு பிளாஸ்டிக் பை தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். 25 கிலோ மூட்டைகளில் வரும் பாலித்தீன் மணிகளை ஒருநாள் கைநிறைய அள்ளி வந்து காட்டினார். "உங்க தாத்தா விளைவிச்ச சர்க்கரை மாதிரியே இருக்கு பாரு, வாயில மட்டும் போட்டுடாதே" என்றார். அந்த மணிக்குள் வினையூக்கியின் தூசி இன்னும் இருக்கிறது, யாரும் அதைப் பிரித்தெடுப்பதில்லை என்று பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

எந்தப் பொடி என்பதே பாதி முடிவு

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொடியைப் பற்றிப் பேச வேண்டும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் உலகில் திண்ம வினையூக்கிகள் மூன்று பெரிய குடும்பங்கள்.

முதலாவது, 1951-இல் அமெரிக்காவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் ஹோகனும் பேங்க்ஸும் கண்டது: சிலிக்காவின் மேல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குரோமியம். உங்களுடையது இதுவானால் என்எம்ஆரை மறந்துவிடுங்கள். வேலை செய்யும் குரோமியத்தில் இணை சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒரு எலக்ட்ரானின் காந்த வலு ஒரு புரோட்டானைப் போல ஏறத்தாழ 658 மடங்கு. பக்கத்தில் தவில் முழங்கும்போது காதோடு சொல்லும் ரகசியம் எப்படிக் கேட்கும்? நாம் பார்க்க விரும்பும் அணு எதுவோ, குரோமியத்துக்கு மிக அருகில் இருப்பது எதுவோ, அதன் சிக்னல்தான் முதலில் அகன்று காணாமல் போகும். தூரத்தில் சும்மா இருக்கும் சிலிக்கான்தான் தெரியும். குரோமியக்காரர்களுக்கு, இணை சேராத எலக்ட்ரானையே பார்க்கும் இபிஆரும் அகச்சிவப்பும் எக்ஸ்-கதிர் உறிஞ்சலும்தான் சரி. தென்னாப்பிரிக்காவின் பெருமையான சாசோல் நிறுவனத்தின் வினையூக்கி, 2004-இல் அறிவித்த, எத்திலீனை நான்கு நான்காகக் கோத்து ஒன்-ஆக்டீன் தருவது, அதுவும் குரோமியம்தான். அது கரைசலில் வேலை செய்வது என்றாலும் இதே தவில் அங்கேயும் முழங்கும்.

இரண்டாவது சீக்லர்-நாட்டா. 1953-இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் சீக்லர், 1954-இல் மிலானில் ஜூலியோ நாட்டா, 1963-இல் இருவருக்கும் நோபல். இன்றைய வடிவத்தில் இது ஒழுங்கு குலைந்த மெக்னீசியம் குளோரைடின் மேல் டைட்டானியம் டெட்ராகுளோரைடு, கூடவே கொஞ்சம் கரிமக் கொடையாளி (எலக்ட்ரான் தரும் கரிமச் சேர்மம்). வேலையைத் தொடங்கிவைக்கும் அலுமினியம் ஆல்க்கைல் சேர்ப்பதற்கு முன் டைட்டானியம் நான்கு இணைதிறனில் அமைதியாக இருக்கும். கார்பன்-13, புரோட்டான் இரண்டும் கொடையாளி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்லும். நெதர்லாந்தின் நைமேகனில் கென்ட்ஜென்ஸ் குழுவினர் குளோரின்-35, மெக்னீசியம்-25 வரை போய் இந்த உப்பைத் துருவியிருக்கிறார்கள். ஆனால் ஆல்க்கைல் சேர்த்தவுடன் டைட்டானியத்தில் பெரும்பகுதி மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடும், மறுபடியும் தவில். பெண்ணைக் கல்யாணத்துக்கு முன் பார்க்கலாம், கல்யாணத்தன்று பார்க்க முடியாது என்பது போன்ற நிலைமை.

மூன்றாவது மெட்டலோசீன். 1970களில் ஹாம்பர்க்கில் சின்னும் காமின்ஸ்கியும் வேலை செய்தபோது, தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று எல்லோரும் நினைத்த டிரைமெத்தில் அலுமினியக் கலவையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தது, வினையூக்கி வெறிகொண்டு வேலை செய்தது. அப்படிப் பிறந்ததுதான் எம்ஏஓ. இதில் சிர்கோனியம் வேலை செய்யும்போதும் இணை சேராத எலக்ட்ரான் இல்லாமலே இருக்கிறது. அதாவது, கல்யாணத்தன்றும் முகம் பார்க்கலாம். தங்கச்சியின் பொடி இந்த ரகம். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ரகத்துக்குத்தான். மற்ற இரண்டு வீட்டாரும் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

செலவில்லாத இரண்டு வழிகள்

என்எம்ஆர் கருவிக்குள் பொடி போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை இரண்டு.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. வினையூக்கியைப் பார்க்க முடியாவிட்டால் அது பெற்ற பாலிமரைப் பாருங்கள். பாலிமரை 120 டிகிரி செல்சியஸில் டெட்ராகுளோரோஈத்தேனிலோ டிரைகுளோரோபென்சீனிலோ கரைத்து, சாதாரணக் கரைசல் கருவியில் கார்பன்-13 எடுத்தால், கிளைகள் எத்தனை, இணைமானோமர் (கூடச் சேர்க்கும் இரண்டாவது மூலப்பொருள்) எப்படிப் பரவியிருக்கிறது, பாலிபுரொப்பிலீன் என்றால் மெத்தில்கள் ஒரே பக்கம் நிற்கின்றனவா என்பதெல்லாம் தெரியும். மூலக்கூறு எடைப் பரவலை அளந்தால் இன்னொன்று. எல்லா மையமும் ஒரே மாதிரி என்றால் பரவல் எண் 2-க்கு அருகே வரும். 4, 5 என்று போனால் பரப்பில் பலவகை மையங்கள் இருக்கின்றன. தங்கச்சியுடையது 2-ஐ விட அதிகம். அதுவே அவள் கேள்வியைக் கூர்மையாக்குகிறது: எத்தனை வகைச் சிர்கோனியம்? ஆனால் வேலை செய்யாத சிர்கோனியத்துக்குப் பிள்ளை இல்லை. மலடாகக் கிடப்பவை எத்தனை, ஏன் என்று பாலிமர் சொல்லாது.

இன்னொன்று அகச்சிவப்பு. என் ஒருவரிப் பதிலுக்குக் காரணம் இதுதான். சிலிக்காவை 700 டிகிரியில் சுட்டால் பரப்பில் சதுர நானோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஹைட்ராக்சில்தான் தனியாக மிஞ்சும். அது 3747 என்ற அலை எண்ணில் ஊசி போல ஒரு சிகரம் காட்டும். எம்ஏஓ போட்டதும் அந்த ஊசி மறைய வேண்டும். மறையாவிட்டால் பூச்சு சரியில்லை; சரியில்லாத பூச்சை எண்ணூறில் எடுத்தாலும் ஆயிரத்து இருநூறில் எடுத்தாலும் சரியில்லாத பூச்சுதான். பத்து நிமிட வேலை, காற்றுப் புகாத பெட்டியான குளோவ்பாக்ஸுக்குள்ளேயே கருவி இருந்தால் இன்னும் சௌகரியம். சிர்கோனியத்தைப் பற்றி அகச்சிவப்பு அதிகம் பேசாது. அதை அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

நானூறு

இனி உண்மையான போட்டி. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 9.4 டெஸ்லா காந்தம். புரோட்டான் 400 மெகாஹெர்ட்ஸில் பாடும் என்பதால் நானூறு. நான்கு மில்லிமீட்டர் சிர்கோனியா ரோட்டர், அதாவது பொடியை நிரப்பிச் சுற்றும் குழல், அதில் 80 மில்லிகிராம் பொடி.

திண்மப் பொருளின் நிறமாலை ஏன் அகன்று கிடக்கிறது, எப்படி ஒடுங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசலில் மூலக்கூறு எல்லாத் திசையிலும் உருண்டு, திசையைச் சார்ந்த விளைவுகளைத் தானே அழித்துவிடும். பொடியில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் உறைந்து கிடக்கிறது. 1958-59-இல் ஆண்ட்ரூவும் லோவும் தனித்தனியே கண்ட தந்திரம்: ரோட்டரைக் காந்தப் புலத்துக்கு 54.74 டிகிரி சாய்த்து வேகமாகச் சுற்று. சாய்ந்து சுற்றும் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோணத்தில் மட்டும் திசைச் சார்பு சராசரியில் பூச்சியமாகிவிடும். நான்கு மில்லிமீட்டர் பம்பரம் வினாடிக்குச் சுமார் 14,000 தடவை சுற்றும். 1970களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வா மூவரும் கொண்டுவந்த குறுக்கு முனைவாக்கம் இதோடு சேர்ந்துகொண்டது. நிறைய இருக்கும் புரோட்டான் தன் காந்தச் செல்வத்தைக் கார்பனுக்குக் கடன் தரும். சிக்னல் நான்கு மடங்கு வரை கூடும், காத்திருக்கும் நேரமும் குறையும். இந்தக் கடன் எல்லாக் கார்பனுக்கும் சமமாகப் போகாது என்பதால், சிகரத்தின் பரப்பை வைத்து எண்ணிக்கை சொல்லக் கூடாது. பரீட்சைகளில் மாணவர்கள் விழும் முதல் குழி இது.

நானூறு போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொடியில் சிர்கோனியம் எடையில் 0.3 சதவீதம் என்றால், 80 மில்லிகிராமில் 2.6 மைக்ரோமோல். ஒவ்வொரு சிர்கோனியத்துக்கும் ஒரு மெத்தில். இயற்கைக் கார்பனில் 13 என்ற வகை நூற்றுக்கு 1.1 மட்டும். ஆக நாம் தேடுவது 0.03 மைக்ரோமோல் அணுக்கள். எத்தனை நாள் ஓட்டினாலும் இரைச்சல்தான் மிஞ்சும். இங்கேதான் பலர் நானூறைத் திட்டிவிட்டு விமானச் சீட்டு வாங்குகிறார்கள். அவசரம் வேண்டாம். மெத்திலைக் கார்பன்-13 கொண்டே செய்துவிட்டால் (குறியிடுவது என்பது இதைத்தான்) சிக்னல் 90 மடங்கு. சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் தடவைகளின் வர்க்கமூலமாகத்தான் ஏறும் என்பதால், 90 மடங்கு சிக்னல் என்பது 8,100 மடங்கு நேரச் சேமிப்பு. கடையில் கிடைக்கும் கார்பன்-13 மெத்தில் அயோடைடிலிருந்து மெத்தில் லித்தியம், அதிலிருந்து டைமெத்தில் சிர்கோனோசீன்: இரண்டு படி வேதியியல், நல்ல கை வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் போட்டு விட்டால் காலையில் நிறமாலை.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு 1980களிலேயே முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டோபின் மார்க்ஸ் குழுவினர் குறியிட்ட மெத்திலோடு தோரியம், பிறகு சிர்கோனியம் சேர்மங்களைச் சுட்ட அலுமினாவின் மேல் போட்டு எடுத்தார்கள். ஒரு மெத்தில் உலோகத்தை விட்டுக் கிளம்பிப் பரப்பின் அலுமினியத்தில் போய் உட்கார்ந்தது. அதன் சிகரம் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 10 பிபிஎம் (நிறமாலையில் சிகரம் நிற்கும் இடத்தைச் சொல்லும் அளவு) அருகே. மிஞ்சிய மெத்திலோடு நேர்மின் தன்மை பெற்ற உலோகம் நின்றது. சிர்கோனியத்தில் அது சுமார் 36. பரப்பின் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சோம்பேறியாகிவிட்ட சிர்கோனியம் சுமார் 20. மூன்றும் நன்றாக விலகி நிற்கும் சிகரங்கள். இதற்கு எண்ணூறு தேவையே இல்லை. கார்பனைப் பொறுத்தவரை பிரச்சினை எண்ணிக்கைதானே ஒழிய, தெளிவு அல்ல.

தங்கச்சியின் பொடியில் ஒரு சிக்கல் உண்டு. அவள் போடுவது வெறும் அலுமினா அல்ல, எம்ஏஓ. அதில் மெத்தில்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. சிர்கோனியத்தின் குறியிட்ட மெத்திலும் எம்ஏஓவின் சாதாரண மெத்திலும் இடம் மாற்றிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த பாத்திரம் எந்த வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறதோ, அந்தக் கதை. காசு கொட்டி வாங்கிய குறி எல்லாம் எம்ஏஓவில் கரைந்துவிடும். ஆகவே என் யோசனை: முதலில் எம்ஏஓ இல்லாமல், சுட்ட அலுமினாவின் மேல் குறியிட்ட சிர்கோனோசீனைப் போட்டு, கருவியையும் கையையும் பழக்கிக்கொள். பிறகு எம்ஏஓ பொடிக்கு மெத்திலைக் குறியிடாதே, எத்திலீனைக் குறியிடு. கார்பன்-13 எத்திலீனைச் சிர்கோனியத்துக்குச் சில மடங்கு மட்டும் அளந்து கொடுத்தால், முதல் சில இணைப்புகளில் பிறந்த சங்கிலி 30-க்கும் 33-க்கும் நடுவே தெரியும். படிகமான பாலித்தீன் 33-க்கு அருகே, ஒழுங்கற்றது 31-க்கு அருகே; குட்டிச் சங்கிலி எங்கே விழுகிறது என்பதே ஒரு செய்தி.

நானூறின் உண்மையான பலவீனம் கருவி அல்ல, ஊர். ஜனவரியில் டர்பனில் கதவைத் திறந்தால் காற்றைப் பிழிந்து தண்ணீர் எடுக்கலாம். ரோட்டரைக் குளோவ்பாக்ஸுக்குள் நிரப்பி மூடினாலும், மூடிக்கு வெளியே சுழற்றும் வாயு ஈரக் காற்றாக இருந்தால் ஒரு ராத்திரியில் எம்ஏஓ பொடியின் ஓரம் செத்துப் போகும். கம்ப்ரெஸர் காற்றை விட்டுவிட்டு, திரவ நைட்ரஜனிலிருந்து எழும் வாயுவில் சுழற்ற வேண்டும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு குறுகிய புரோட்டான் நிறமாலை எடுத்து ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் நடுவே வந்த அத்தனையும் குப்பை.

அடுத்தது மின்வெட்டு. 2023-இல் லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது 60 மணி நேரச் சிலிக்கான்-29 ஓட்டம் ஒன்றை வைத்திருந்தேன். 41-ஆவது மணியில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் எழவில்லை. காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது, மீகடத்தி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வாயு நின்ற பம்பரம் எங்கே போய் முட்டும்? மூடி உடைந்து, ரோட்டரைத் தாங்கிச் சிக்னல் வாங்கும் ப்ரோபுக்குள் பொடி கொட்டி, சுத்தம் செய்ய இரண்டு வாரம். அன்றிலிருந்து எந்த நீண்ட ஓட்டத்தையும் இரண்டு மணி நேரத் துண்டுகளாக எடுத்துத் தனித்தனியே சேமித்து, பிறகு கூட்டுகிறேன். மின்வெட்டு இல்லாத நாளிலும் அதே பழக்கம்தான்.

எண்ணூறு

பிரான்சின் லில், ஓர்லியான், மேலே சொன்ன நைமேகன் போன்ற இடங்களில் எண்ணூறும் அதற்கு மேலும் உண்டு. எதற்காகப் போக வேண்டும்? அலுமினியத்துக்காக. அதற்காக மட்டும்.

அலுமினியம்-27 இயற்கையில் நூற்றுக்கு நூறு. குறியிட வேண்டாம், காசு வேண்டாம். ஆனால் அதன் அணுக்கரு உருண்டையல்ல. சுற்றியிருக்கும் மின்புலச் சரிவோடு மல்லுக்கட்டும் நான்முனை அணுக்கரு. சுற்றுப்புறம் சமச்சீராக இருந்தால் சிகரம் ஒடுக்கம்: ஆறு ஆக்சிஜன் சூழ்ந்தது 0 பிபிஎம் அருகே, நான்கு சூழ்ந்தது 60 முதல் 80. எம்ஏஓவில் இருப்பதோ மெத்திலும் ஆக்சிஜனும் கலந்த கோணல் மாணலான அலுமினியம். அந்த மல்லுக்கட்டின் வலுவைச் சொல்லும் நான்முனை மாறிலி 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால், நானூறில் சுழற்றாத சிகரத்தின் அகலம் 120 கிலோஹெர்ட்ஸ், அதாவது 1,150 பிபிஎம். அந்த 54.74 டிகிரியில் சுழற்றினாலும் 50 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே மிஞ்சும். நம் பம்பரமோ 14-தான் சுற்றும். சுழற்சிப் பக்கச் சிகரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மலைத்தொடர் போல ஒன்று வரும். பாதி அலுமினியம் அந்த மலைக்கடியில் புதைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒடுங்கிய சிகரம் சிறுபான்மையாகவும் இருக்கலாம். அதை வைத்து "என் எம்ஏஓவில் ஆறு கை அலுமினியம்தான்" என்று எழுதிவிட்டால், கெட்டுப்போன எம்ஏஓவைப் பற்றித்தான் எழுதியிருப்போம்.

இந்த அகலம் காந்தப் புலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும். பிபிஎம் கணக்கில் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்: காந்தம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்கு. 18.8 டெஸ்லாவில், அதாவது எண்ணூறில், சுழற்றிய சிகரம் சுமார் 120 பிபிஎம்மாக ஒடுங்கும். அங்கே 33 கிலோஹெர்ட்ஸ் சுற்றும் சிறிய ரோட்டரும் கிடைக்கும். பக்கச் சிகரங்கள் தள்ளிப் போய்விடும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இத்தகைய சிகரங்களைப் பிரிக்க 1995-இல் ஃபிரிட்மன் கொண்டுவந்த எம்கியூமாஸ் முறையையும் அங்கே ஓட்டிப் பார்க்கலாம். நானூறில் இவ்வளவு பெரிய மாறிலிக்கு அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஆக, கேள்வி அலுமினியத்தைப் பற்றியது என்றால் எண்ணூறுக்கு மாற்று இல்லை. வீட்டருகே எத்தனை நாள் எடுத்தாலும் நேரத்தால் இதை ஈடுகட்ட முடியாது. கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் தங்கச்சி கவனிக்கவில்லை. சிக்னல் குறைவு என்பது பணத்தாலும் பொறுமையாலும் தீர்கிற குறை. சிகரம் அகன்றது என்பது காந்தத்தால் மட்டும் தீர்கிற குறை.

பயணத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. காற்றில் தானே தீப்பற்றும் பொருளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எம்ஏஓ பொடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிங் ஷாகா விமான நிலையத்தில் போய் நிற்க முடியாது. பொடி போகாது, நீதான் போக வேண்டும். போய் அங்கே புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆய்வகம் குளோவ்பாக்ஸும், சூளையும், எம்ஏஓ புட்டியும் தரச் சம்மதிக்க வேண்டும். அங்கே செய்த பொடி இங்கே செய்ததைப் போலவே பாலித்தீன் தருகிறதா என்று ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். காந்த நேரம் ஐந்து நாள் என்றால், பயணம் ஒரு மாதம். அந்த ஐந்து நாளில் ரோட்டர் மூடி கழன்றால் அடுத்த வருடம்தான்.

டிஎன்பி

இளையவர்களை மயக்குவது இது. எலக்ட்ரானின் 658 மடங்கு வலு நம் காதை அடைக்கிறது என்று மேலே புலம்பினேன் அல்லவா? அதே வலுவைக் கடன் வாங்கினால் என்ன என்று 1953-இல் ஓவர்ஹவுசர் கேட்டார். மாதிரியோடு நிலையான ரேடிக்கல் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) கரைசல் கொஞ்சம் சேர்த்து, 100 கெல்வினுக்கு உறைய வைத்து, நானூறு காந்தத்தில் 263 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைப் பாய்ச்சினால், எலக்ட்ரானின் செல்வம் புரோட்டானுக்கும் அங்கிருந்து கார்பனுக்கும் போகும். 2010 வாக்கில் பிரான்சின் லியோனில் லெசாஜ், எம்ஸ்லி, கோப்பரே குழுவினர் இதைச் சிலிக்காப் பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். சிக்னல் 50 மடங்கு ஏறினால் நேரம் 2,500-இல் ஒரு பங்கு. பரப்பின் சிலிக்கான்-29 நிறமாலைக்கு இங்கே நான் மூன்று நாள் காத்துக்கிடந்தேன். அங்கே சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வந்துவிடும்.

ஆனால் அந்த ரேடிக்கல் நைட்ராக்சைடு. சிர்கோனியம்-மெத்தில் பிணைப்பும் அலுமினியம்-மெத்தில் பிணைப்பும் அதைச் சும்மா விடாது. வினைபுரிந்து இரண்டும் கெடும். பருமனான ரேடிக்கலை எடுத்து, துளைக்குள் நுழைய முடியாதபடி வெளியே நிறுத்தி, புரோட்டான் வழியே செல்வத்தை உள்ளே கடத்துவது என்று கெட்டிக்காரத்தனமான வழிகள் இருக்கின்றன. கோப்பரே இப்போது இருக்கும் சூரிக்கில் இதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஒரு முனைவர் பட்ட மாணவி ஒரே பயணத்தில் முதல் முயற்சியிலேயே அதைச் சாதிக்க வேண்டும் என்றால், நான் பந்தயம் கட்ட மாட்டேன். வெறும் சிலிக்கா, வெறும் கொடையாளி, வேலை முடிந்து செத்துப்போன வினையூக்கி, இவற்றுக்கு டிஎன்பி அருமை. உயிரோடு இருக்கும் சிர்கோனியத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பெரும்பான்மையும் உழைப்பாளியும்

எந்தக் காந்தமானாலும் ஒரு குறை பொது. என்எம்ஆர் எண்ணிக்கையைப் பார்க்கும், உழைப்பைப் பார்க்காது. பரப்பில் நூறு சிர்கோனியம் இருந்து, பாலித்தீன் முழுவதையும் அவற்றில் ஒரு சிலவே செய்தால், நிறமாலையில் பெரிதாகத் தெரிவது சும்மா இருப்பவர்கள்தான். கோயில் திருவிழாவைப் படம் எடுத்தால் கூட்டம் தெரியும். பின்கட்டில் கஞ்சி காய்ச்சுகிற நாலு பேர் படத்தில் விழமாட்டார்கள். அழகான, கூர்மையான ஒரே ஒரு நிறமாலையை வைத்துக்கொண்டு "இதுதான் செயல்படும் மையம்" என்று எழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

இதற்கு வழி, பார்த்துக்கொண்டே சீண்டுவதுதான். ஒரு நிறமாலை எடு. கொஞ்சம் எத்திலீன் கொடு, மறுபடி எடு. எந்தச் சிகரம் குறைந்தது? 36 குறைந்து 20 அப்படியே நின்றால், 20 மலடு. சிர்கோனியத்தின் கால்வாசி அளவுக்கு விஷம் கொடு, தண்ணீர் ஆவியோ வேறொன்றோ, எடு; பாலித்தீன் வேகத்தையும் அள. வேகம் முழுக்கச் செத்து, சிகரம் கால்வாசிதான் குறைந்திருந்தால், உழைப்பாளிகள் அந்தக் கால்வாசிக்குள் இருந்தவர்கள். இப்படி ஒரு பொடிக்கு எட்டுப் பத்து நிறமாலை வேண்டும். அதில் இரண்டு கெட்டுப்போகும், மறுபடி செய்ய வேண்டும். திங்கட்கிழமை ஒரு யோசனை வந்தால் புதன்கிழமை ரோட்டருக்குள் இருக்க வேண்டும்.

இது ஐந்து நாள் காந்த நேரத்தில் நடக்கிற காரியமல்ல. பக்கத்தில் இருக்கும் நானூறு, சுமாரான நானூறு, மின்சாரம் போய் வரும் நானூறு, இதற்குத்தான் சரி. என் முடிவு அங்கேதான் சாய்கிறது. அலுமினியத்தைப் பற்றிய அத்தியாயம் ஆய்வேட்டுக்கு இன்றியமையாதது என்று அவள் வழிகாட்டி சொன்னால் மட்டும் எண்ணூறு. அப்போதும் மூன்றாம் வருடத்தில், கார்பன் கதை முடிந்து, எந்தப் பொடியை அங்கே செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு.

தங்கச்சியிடம் போனில் சொன்னது இவ்வளவுதான். பயணப் பணத்தை அப்படியே கார்பன்-13 மெத்தில் அயோடைடுக்கும் கார்பன்-13 எத்திலீனுக்கும் மாற்ற முடியுமா என்று நிதி அலுவலகத்தில் கேள். மாட்டேன் என்றுதான் முதலில் சொல்வார்கள், எழுத்தில் கேள். நைட்ரஜன் வாயுக் குழாயை ப்ரோபுக்குக் கொண்டுவரத் தொழில்நுட்பரிடம் இப்போதே பேசு. அலுமினாவைச் சூளையில் இரண்டு தரம் சுடு. குறியிட்ட சேர்மத்தை இந்த ஈரத்தில் திறக்காதே. ஜூன் போகட்டும், டர்பன் காற்று காய்ந்துவிடும்.

"ஆடி மாசமா?" என்றாள். "அப்ப கோயில்ல கஞ்சி ஊத்துவாங்களே, ஆயா என்னைப் பானை தூக்கக் கூப்பிடும்."

ஞாயிற்றுக்கிழமைதானே பானை என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ரோட்டரைப் போட்டுவிட்டுப் போனால், கஞ்சி குடித்துவிட்டு வரும்போது 36-இல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.